ஒப்பீட்டுக்கு என் ரத்தம்

மே 5, ஞாயிறு

சென்னைக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஈரோட்டில் ரயில் ஏறும்போது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த அவசரத்தில் அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இரண்டு மாதம்தான், ஜூலையில் திரும்பிவிடுவேன். ஆனாலும் எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று தனியாக ஒரு பை.

மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஒவ்வொரு கோடையிலும் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆய்வகத்தில் உண்மையான வேலை கொடுக்கிறது. எங்கள் கல்லூரியில் பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டில் பாதி வகுப்பு விண்ணப்பித்தது. எனக்குக் கிடைத்தது. இன்னமும் நம்ப முடியவில்லை.

விடுதி திருவான்மியூரில். அறைத்தோழி ஷெர்லின், தூத்துக்குடிக்காரி. கதவைத் திறந்ததும், "ஏட்டி, ஊறுகாய் வாசம் வருது, என்ன ஊறுகாய்?" என்று கேட்டாள். பெயரை அதற்கப்புறம்தான் கேட்டாள்.

வழியெல்லாம் பூபதி போன் செய்துகொண்டே இருந்தான். பூபதி என் அம்மாவின் அண்ணன் மகன். மாமாவின் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் இருக்கிறான். கோடை வந்தால் திருச்செங்கோட்டு லாரிகளில் பாதி வடக்கே எங்காவது குழி போட்டுக்கொண்டிருக்கும். வருகிற ஆவணியில் எனக்கும் அவனுக்கும் உப்புச் சர்க்கரை மாற்றுவதாகப் பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்தை அப்படித்தான் சொல்வோம். கல்யாணம் என் படிப்பு முடிந்த பிறகு. தவழ்ந்த காலத்திலிருந்து பார்க்கிற முகம். அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

ஜோலார்பேட்டையில் டீ குடிக்காதே, காட்பாடியில் குடி என்றான். காட்பாடியில் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மே 6, திங்கள்

நானும் ஷெர்லினும் ஒரே ஆய்வகம். எங்களைப் பார்த்துக்கொள்வது மஞ்சரி அக்கா, பிஎச்.டி. கடைசி வருடம், காபியில் உயிர் வாழ்கிறவர். எல்லோருக்கும் தலைவர் டாக்டர் பத்மப்ரியா.

ஆராய்ச்சி தலசீமியா பற்றி. சிவப்பணு சரியாக உருவாகாத பரம்பரை நோய். நோய் வந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் ரத்தம் ஏற்றியாக வேண்டும், ஆயுள் முழுக்க. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது. குறையைச் சுமந்துகொண்டு நடப்பார், அவ்வளவே. அவருக்குப் பெயர் கேரியர்.

மதியம் பக்கத்துக் கட்டடத்தில் குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றும் வார்டுக்குக் கூட்டிப் போனார்கள். மிருதுளா என்று ஒரு வாண்டு, ஒன்றாம் வகுப்பு. கையில் ஊசி, காலில் கொலுசு. "நீ டாக்டரா?" என்றாள். இல்லை, படிக்கிறேன் என்றேன். "அப்ப ஊசி போட மாட்டல்ல? அப்படின்னா உக்காரு" என்று கட்டிலில் இடம் விட்டாள். அவள் அம்மா சுமதி அக்கா ஆரணிக்காரர். பேச்சுவாக்கில் சொன்னார்: "அத்தை பையனைத்தாம்மா கட்டிக்கிட்டேன். சொந்தம் விட்டுப் போகக் கூடாதுன்னு."

விடுதிச் சாப்பாட்டில் ரசம் பரவாயில்லை.

மே 9, வியாழன்

பிப்பெட்டில் தண்ணீரை எடுத்து எடைபோட்டு, எடுத்து எடைபோட்டு, நாள் முழுக்க இதே வேலை. கட்டைவிரல் என்னுடையதாக இல்லை.

மே 11, சனி

துணி துவைத்தேன். அம்மாவிடம் பேசினேன். பூபதியும் பேசினான், அது ஒரு பேச்சா, லாரியின் கம்ப்ரஸர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"ரெண்டு குழி காஞ்சு போச்சு புள்ள. மூணாவது பாயிண்ட்டு நான் சொன்ன எடம். புகையா வந்துட்டிருந்துது, திடீர்னு சேறு, அப்பறம் பாரு, தண்ணி லாரி உசரத்துக்கு. ஊரே வந்து நின்னு நனையுது. ஒரு பாட்டி என்ற தலையத் தொட்டுக் கும்புடுது."

"நீ என்ன பண்ணினே?"

"வெக்கமாப் போச்சு. லாரிக்குப் பின்னால போயி நின்னுட்டேன்."

அவன் வெட்கப்பட்டு லாரிக்குப் பின்னால் நிற்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "யாருட்டி அது?" என்றாள் ஷெர்லின். மாமா பையன் என்றேன். "மாமா பையன்கிட்ட பேசுனா எனக்கெல்லாம் கொட்டாவிதான் வரும்" என்றாள்.

மே 15, புதன்

எங்களுக்கென்று ஒரு சின்ன ஆய்வு கொடுத்துவிட்டார்கள். பெரிய இயந்திரம் இல்லாத ஊர்களில் கேரியர்களைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று ஏற்கெனவே உண்டு. மெல்லிய உப்புக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம். சாதாரண சிவப்பணுக்கள் ஊதி வெடித்து, கரைசல் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். குழாய்க்குப் பின்னால் ஒரு கோடு போட்ட தாளை வைத்தால் கோடு தெரியும். கேரியரின் அணுக்கள் வெடிக்காது. கலங்கலாகவே நிற்கும், கோடு தெரியாது. இந்தக் கரைசல் வெயிலில் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை.

ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமானவர்கள் ரத்தம் வேண்டும். நானும் ஷெர்லினும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். ஷெர்லின் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து ஜெபம் சொன்னாள்.

மே 16, வியாழன்

கரைசல் தயாரித்ததில் தவறு. ஷெர்லின் குழாயில் கோடு தெரிகிறது, என் குழாயில் தெரியவில்லை. நாளை புதிதாகக் கலக்க வேண்டும்.

மே 17, வெள்ளி

புதிதாகக் கலக்கினேன். உப்பை இரண்டு முறை எடைபோட்டேன். மறுபடி அப்படியே. குழாய் அழுக்காக இருந்திருக்கலாம். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படிக் காட்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எனக்குக் கீரை பிடிக்காது, அம்மா எப்போதும் திட்டுவாள்.

ஷெர்லின் இரண்டு குழாய்களையும் பார்த்தாள். வழக்கம்போல் ஏதாவது பேசியிருந்தால் தேவலை.

மே 18, சனி

தலைக்குக் குளித்தேன். காலையும் மதியமும் கீரை சாப்பிட்டேன்.

மே 21, செவ்வாய்

மஞ்சரி அக்கா என் ரத்தத்தை இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காபியைப் பிறருக்குக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. பிறகு டாக்டர் அறைக்குக் கூட்டிப் போனார்.

நான் கேரியர். இரும்புச்சத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

டாக்டர் பத்மப்ரியா மெதுவாகச் சொன்னார்: "உனக்கு இது நோய் இல்லம்மா. நீ நூறு வயசு இருக்கலாம். கட்டிக்கப் போறவரும் கேரியரா இருந்தாத்தான் யோசிக்கணும். ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு, குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு." பிறகு கேட்டார்: "சொந்தத்துல கல்யாணப் பேச்சு ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்து மீதி வேலையை முடித்தேன். குழாய்கள் எல்லாவற்றையும் கழுவினேன். கழுவியவற்றையும் கழுவினேன்.

மே 25, சனி

வேலை அதிகம். பூபதி போன் செய்கிறான், எடுக்க நேரமில்லை. கடற்கரைக்குப் போய்விட்டு வந்தேன்.

மே 27, திங்கள்

ஷெர்லின் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"வேலை அதிகம்னு யாருட்ட கதை விடுத? ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதானே. நீ ஏன் அந்தப் பையன் போனை எடுக்க மாட்டேங்க?"

"கண் எரியுது ஷெர்லின். எத்தனால் பட்டுடுச்சு."

"ஒரு வாரமா எத்தனால் படுதாக்கும்." பிறகு கேட்டாள்: "கட்டிக்கப் போறவனாட்டி?"

தலையாட்டினேன். அவள் என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தூத்துக்குடியில் எல்லோருடைய கையும் இப்படித்தான் வாசனைச் சோப்பு மணக்குமோ என்னவோ.

மே 28, செவ்வாய்

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கோபிக்கவில்லை. "அன்னைக்கே முகத்துல தெரிஞ்சுது, நீயா வருவேன்னு இருந்தேன்" என்றார்.

இது அப்பா பக்கமிருந்து வந்திருந்தால் பூபதிக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. அம்மா பக்கமிருந்து வந்திருந்தால் மாமாவுக்கும் இருக்கலாம், அவர் வழியாக அவனுக்கும். வீட்டில் பழைய ஆட்களில் யாராவது சோகையால் சின்ன வயதில் இறந்தார்களா, விசாரி என்றார்.

அப்பா சாதாரணமாகவே வெளுத்தாற்போல்தான் இருப்பார். தறி நெய்கிறவர்கள் வெயிலில் போவதில்லை, அதனாலும் இருக்கலாம். அப்பாவாகவே இருக்கட்டும்.

மே 29, புதன்

அம்மாவிடம் பேசினேன். ஆய்வகத்துக்கு ஒரு கணக்கெடுப்பு என்று ஆரம்பித்தேன்.

"உங்க ஊட்டுல சின்னதுலயே செத்துப்போனவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"இதென்ன கேள்வி, வெளக்கு வெக்கற நேரத்துல."

"சும்மா, கணக்குக்கு."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு முன்ன ஒண்ணு பொறந்துது. உங்க மாமனுக்கு அடுத்தது. பேரு செல்லக்கண்ணு. பேசப் பழகற வயசுலயே போயிருச்சு. ஆளு சுண்ணாம்பு கணக்கா வெளுத்து, வயிறு மட்டும் இத்தாம் பெருசு. மந்திரிச்சாங்க, குலசாமிக்குக் கெடா வெட்டுனாங்க. உங்க மாமன்தான் முதுகுலயே தூக்கிட்டுத் திரியுமாம். ஏங் கண்ணு கேக்கறே?"

ஒன்றுமில்லை என்றேன்.

என் அம்மாவின் அப்பாவும் அம்மாவும் சொந்தம். அதை நான் கேட்கவேண்டிய தேவையே இல்லை. அப்பா இல்லை, அம்மா பக்கம்தான்.

ஜூன் 2, ஞாயிறு

பூபதியை நானே அழைத்தேன். எல்லாவற்றையும் வரிசையாக, தெளிவாகச் சொன்னேன். எங்கோ நிழலில் போய் நின்றிருக்க வேண்டும், கம்ப்ரஸர் சத்தமே இல்லை.

"உனக்கு ஏதாச்சும் பண்ணுதா?" இதுதான் முதலில் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் வெறும் கேரியர்."

"கேரியருன்னா? சோத்துக் கேரியராட்டமா?"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல். அதனால் தயாராக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "மச்சா, இதை இத்தோட நிறுத்திக்கலாம். ஆவணிக்கு இன்னும் நாளிருக்குது. நீ வேற பொண்ணைக் கட்டினா உன் குழந்தைக்கு எதுவும் வராது. நானும் வேற ஆளைப் பாத்துக்கறேன். யாருக்கும் நட்டமில்ல."

"என்ற ரத்தத்தைப் பாக்காமலேயே முடிவு பண்ணிட்டியா?" என்றான். நான் ஏதோ சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

நல்லதுதான். நிதானமாகச் சொன்னேன், அழவில்லை. ஷெர்லின் அறையில் இல்லாதபோது பேசியது நல்லதாயிற்று.

ஜூன் 5, புதன்

வெயிலில் வைத்த கரைசல் பெட்டி இன்னும் நன்றாகவே இருக்கிறது. மஞ்சரி அக்காவுக்குச் சந்தோஷம். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கிறேன், இருக்கிறது.

ஜூன் 8, சனி

காலை ஷெர்லின் ஓடிவந்தாள். "கேட்டுகிட்ட ஒருத்தர் நிக்காரு. மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தாப்புல இருக்காரு."

ராய்ப்பூரில் ரயிலேறி, விஜயவாடாவில் ஒரு கூடை பங்கனப்பள்ளி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். புருவத்தில், காது மடிப்பில் எல்லாம் கல் தூசு. இளைத்திருக்கிறான். முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொன்னேன்.

"எங்க போயி ரத்தம் குடுக்கோணும், சொல்லு. குடுத்துட்டுத்தான் மத்த பேச்சு."

மஞ்சரி அக்கா விடுமுறை நாளிலும் வந்தார். நான் குழாயை எடுக்கக் கை நீட்டியதும் தட்டிவிட்டார். "இது உன் வேலை இல்ல. வெளிய போய் மாம்பழம் சாப்பிடு." பூபதி கையை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். எத்தனையோ ஆயிரம் அடி மண்ணைத் துளைக்கிறவன். ஒரு சின்ன ஊசிக்கு உதட்டைக் கடித்தான்.

மாலை கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் கடலை இதற்கு முன் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில்தான். "இத்தனை தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியாது" என்று தொழில்முறையில் வருத்தப்பட்டான். பிறகு கடலைப் பார்த்தபடியே கேட்டான்: "என்ற ரத்தத்துல அது இல்லைன்னு வந்துட்டா நீ என்ன சொல்லுவே?"

மாம்பழம் இனிப்பாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

அவனும் கேரியர்.

டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். நாலில் ஒரு பங்கு, ஒவ்வொரு முறையும் புதிதாக. முதல் குழந்தை தப்பித்துவிட்டது என்பதால் இரண்டாவதற்குச் சலுகை எதுவும் கிடையாது. வழிகள் உண்டு. இருவரும் வேறு வேறு கல்யாணம் செய்துகொள்வது ஒன்று. கட்டிக்கப் போகிறவர்களையும் சோதித்துப் பார்த்துவிட்டு. இல்லையென்றால் ஒவ்வொரு முறை உண்டாகும்போதும் மூன்றாம் மாதத்துக்குள் சிசுவுக்குப் பரிசோதனை செய்வது. கெட்ட முடிவு வந்தால் என்ன செய்வது என்பதை அப்போது தீர்மானிக்க வேண்டியிருக்கும். தத்தெடுப்பதும் ஒரு வழி.

"எது சரின்னு நீங்க சொல்லுங்க டாக்டர்" என்றான் பூபதி.

"அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன் தம்பி. எது என்னன்னு சொல்றது என் வேலை. வாழப்போறது நீங்க."

சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டேன். ஜன்னலுக்கு உள்ளே அவன், வெளியே நான். "ரெண்டு பேரும் வேற வேற ஆளைக் கட்டுனா பிரச்சனையே இல்ல. அது எனக்கும் புரியுது புள்ள" என்றான். வண்டி நகர்ந்தபோது, "ஆனாப் புரியறது வேற" என்றான். மீதி காதில் விழவில்லை.

பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். கால் வலி.

ஜூன் 16, ஞாயிறு

அத்தை போன் செய்தார், பூபதியின் அம்மா. அவன் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அத்தை என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன்னை என்ற மடியில போட்டு எண்ணெய் தேச்சு வளத்தவ நானு. உனக்கொரு கொறையும் நெனைக்க மாட்டேன் சாமி. ஆனா அவன் ஒரே பையன். உன்ற பேச்சுன்னா அவங் கேப்பான். நீயே அவனுக்கு எடுத்துச் சொல்லீரு, வேற எடம் பாக்கலாம்னு."

"சரிங்க அத்தை" என்றேன். அத்தை சொன்னதில் தவறே இல்லை. இரண்டு வாரம் முன்பு நான் அவனிடம் சொன்னதும் அதேதான்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மிருதுளா ரத்தம் ஏற்ற வந்தாள். எனக்காக ஒரு படம் வரைந்து வந்திருந்தாள்: கட்டில், அவள், நான். என்னை அவளைவிடக் குள்ளமாகப் போட்டிருக்கிறாள்.

அவள் தூங்கியதும் சுமதி அக்கா என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டார். நான்காம் மாதமாம். "டெஸ்ட் நல்லபடியா வந்துடுச்சும்மா. இவளுக்கு இருக்கற நோய் இதுக்கு இல்லையாம்."

பிறகு அவரே சொன்னார்: "போன வருசமும் ஒண்ணு தங்குச்சு. அந்த ரிசல்ட்டு சரியா வரலை. வேணாம்னு முடிவு பண்ணோம். அவரு வேலைக்குப் போவலை, ஒரு வாரம் என் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசலை. ஆனா உக்காந்திருந்தாரு."

"வேற யாரையாவது கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்னு தோணுமாக்கா?" கேட்டிருக்கக் கூடாதோ என்று அப்போதே பட்டது.

அவர் மிருதுளாவின் நெற்றி முடியை ஒதுக்கினார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவளை இந்தக் கட்டில்ல படுக்க வெச்சிருக்க மாட்டேன். அது ஒண்ணுதான் தோணும். அவரை வேணாம்னு ஒரு நாளும் தோணலை."

ஜூன் 22, சனி

பூபதியை அழைத்தேன். அத்தை சொன்னதையும் சொன்னேன், சுமதி அக்கா சொன்னதையும் சொன்னேன். முடிவாக எதுவும் பேசவில்லை. அங்கே மழை பிடித்துக்கொண்டதாம், லாரியைத் திருப்பப் போகிறார்கள். சத்தீஸ்கர் மழையைப் போனில் கேட்கவைத்தான். ஷெர்லின் கொட்டாவி விட்டுக் காட்டினாள்.

ஜூன் 29, சனி

எங்கள் ஆய்வைப் பெரிய தாளில் ஒட்டி, அதன் பக்கத்தில் நின்றோம். வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். கரைசல் வெயிலைத் தாங்குகிறது; ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளலாம் என்பது முடிவு. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், "கல்யாணத்துக்கு முன்னாடி யாரும்மா இதுக்கு ஒத்துக்குவாங்க?" என்றார்.

"எங்க வீட்டுல ஒத்துக்கிட்டாங்க சார்" என்றேன். அவர் சிரித்தார், நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு. ஷெர்லின் என் முதுகைத் தட்டினாள்.

கடைசி வருட ஆய்வுக்குத் திரும்ப வா என்றார் டாக்டர் பத்மப்ரியா. மஞ்சரி அக்கா ஒரு காபிக் கோப்பை பரிசளித்தார். ஷெர்லினும் நானும் மீதமிருந்த ஊறுகாயைத் தயிர்ச் சோற்றோடு முடித்தோம். அவள் அழுதாள். நானும்தான். எத்தனால் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

நேற்றே ஊருக்கு வந்துவிட்டேன். இன்று காலை மாமா வீட்டில் எல்லோரும் கூடினோம்: மாமா, அத்தை, அம்மா, அப்பா, பூபதி, நான். வாசலில் லாரி சேறு காய்ந்து நின்றது.

நான் தரையில் உட்கார்ந்து, மொச்சைக் கொட்டையை வைத்து அவர்களுக்கு விளக்கினேன். வெள்ளைக் கொட்டை நல்லது, கறுப்புக் கொட்டை குறை. ஆளுக்கு இரண்டு கொட்டை. அத்தை ஒரு பிடி வெள்ளையை என் முன்னால் தள்ளி, "எல்லாத்தையும் வெள்ளையாவே போடு சாமி" என்றார். சிரித்தோம். பிறகு அத்தை அழ ஆரம்பித்தார்.

"உன்னை வேண்டாம்னு சொல்லல. எனக்குப் பயமா இருக்குது. ஊசியும் ரத்தமுமா ஒரு கொழந்தையப் பாக்க என்னால முடியாது."

அம்மாவும் அழுதாள். அப்பா லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை வாய் திறக்காத மாமா ஒரு கறுப்புக் கொட்டையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார்:

"செல்லக்கண்ணை நான் முதுகுல தூக்கிட்டுத் திரிவேன். கனமே இருக்காது. ஏன் இப்படி வெளுத்துப் போச்சுன்னு யாருக்கும் தெரியல. குலசாமிக் கோவம்னாங்க, எங்கம்மா பண்ணுன பாவம்னாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் அதை நம்புச்சு." கொட்டையைக் கீழே வைத்தார். "இன்னைக்கு இந்தப் புள்ள பேரு சொல்லுது, கணக்குச் சொல்லுது, முன்னாடியே பாத்துக்கலாங்குது. எனக்குப் பயமில்ல. வேண்டாம்னாலும் சரி, வேணும்னாலும் சரி, தெரிஞ்சு செய்யுங்க."

பூபதி தொண்டையைச் செருமினான். "எல்லாரும் சொல்லியாச்சு. அவளை யாருமே கேக்கல."

எல்லா முகமும் என்னைப் பார்த்தன. ரயிலில் வரும்போது ஒரு பெரிய பேச்சு யோசித்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை.

"எனக்கு மச்சானைத்தான் கட்டிக்கணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாளாக உள்ளே இருந்தது என்று எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. "ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்ணுவோம். சேதி நல்லாயில்லைன்னா என்ன செய்யறதுன்னு நானும் மச்சானும் முடிவு பண்ணிக்குவோம். அன்னைக்கு யாரும் சாமி கோவம், பாவம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சும்மா பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும். அதுக்கு முடியும்னா ஆவணியில வெச்சுக்கலாம்."

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கொட்டைகளை ஒவ்வொன்றாக முறத்தில் பொறுக்கிப் போட்டார். "இதுகளை வேகப் போடறேன். நேரமாச்சு, எல்லாத்துக்கும் பசிக்குமில்ல" என்றார்.

பூபதியின் காது சிவந்துபோயிருந்தது. எழுந்து லாரியைக் கழுவப் போய்விட்டான்.

மொச்சைக் குழம்பு, சோறு, மோர். இப்போது மதியம். பெண்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறோம். பூபதி பக்கத்து அறையில் தூங்குகிறான். குறட்டை கம்ப்ரஸர் மாதிரி சுவரைத் தாண்டி வருகிறது. இப்படி ஒரு சத்தத்தோடு ஒரு மனிதன் தூங்குவான் என்று காலையில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.